அடியில் வைத்த மிச்சம்

அத்தியாயம் 6

டிரம் கவிழ்ந்து கிடந்தது.

வேன் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றிய ஷாரோன் அப்படியே நின்றுவிட்டாள். பெருநகர் என்ற சிற்றூரைத் தாண்டி, செய்யாற்றுக் கரையோரம் பதினான்கு குடிசைகள். கடைசிக் குடிசையின் பக்கத்தில் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் டிரம் வாயைத் தரையில் பதித்துக் கிடந்தது. சுற்றிலும் மண் ஈரம். ஃபினாயில் நெடி வேன் வரைக்கும் வந்தது.

"போச்சு," என்றார் சடையப்பன், ஸ்டியரிங்கை விடாமல். "நாம நாஷ்டா துண்ற நேரத்துல எவனோ புத்திசாலி வந்துட்டுப் போய்க்கீறான். ரெண்டாவது வடை வாணாம்னு அப்பவே தோணிச்சு மேடம்."

"ரெண்டாவது வடை நீங்க துண்ணது, அண்ணா."

"அதான் சொல்றேன். நீங்க தடுத்திருக்கணும்."

ஷாரோன் சிரிக்கவில்லை. பதினோரு வருஷம் உணவு ஆய்வாளராகக் கடை கடையாகப் பாலிலும் எண்ணெயிலும் மாதிரி எடுத்துக் கலப்படம் பிடித்தவள், அந்த வேலையை விட்டுவிட்டுக் காஞ்சிபுரத்தில் துப்பறியும் அலுவலகம் வைத்து நாலு வருஷம் ஆகிறது. சடையப்பன் அவளுக்கு டிரைவர், உதவியாளர், தேவைப்பட்டால் அடியாள். அதற்கு முன்னால் இருபது வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். வாய் மட்டும் இன்னும் ஷேர் ஆட்டோவிலேயே இருந்தது. எந்த நேரத்திலும் இன்னும் ஒரு வார்த்தைக்கு அதில் இடமிருக்கும்.

மணி ஒன்பதே முக்கால். இன்று மாலை ஆறு மணிக்குள் தேவியை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும், இல்லையென்றால் வழக்குப் பதிந்து கோர்ட்டுக்கு ஏற்றியாக வேண்டும். புறக்காவல் நிலைய எஸ்.ஐ. செந்தமிழன் நேற்றே சொல்லிவிட்டார். "பொழுது சாய்ஞ்சா பொம்பளைய ஸ்டேஷன்ல வெச்சிக்க முடியாது மேடம். இப்ப வீட்டுக்கு அனுப்பிட்டு விடியக்காலையில திரும்பக் கூப்பிட்டுக்கறேன். நாளைக்கு சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் டைம். உங்களால ஆனதைப் பாருங்க." தேவியைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி இந்த டிரம்முக்குள் இருந்தது. இப்போது அது மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பக்கத்து ரோட்டில் 'வேர்க்கொடி' என்று ஓர் உயிர் உர ஆய்வகம். பயிரின் வேரில் குடியிருந்து அதற்குச் சத்து சேர்க்கிற பாக்டீரியா ஒன்றை அங்கே வளர்க்கிறார்கள். நம் ஊர் பாஷையில் கிருமி. நல்ல கிருமிதான், ஆனால் வெயில் ஆகாது; சித்திரை மாத மண்சூட்டில் கூட்டமாகச் செத்துப்போகும். வெயில் தாங்கும் கிருமி வேண்டும் என்று ஆய்வகத் தலைவர் டாக்டர் சுகுமார் நாலரை வருஷம் மெனக்கெட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு பாட்டில் எடுத்து, நம்பர் போட்டு, ஃப்ரீஸரில் வைத்துப் பூட்டினார். எட்டாம் நம்பர் வரைக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஒன்பதாம் நம்பர் நாற்பத்தைந்து டிகிரியிலும் ஜம்மென்று வளர்ந்தது. சென்னையில் இருக்கும் முதலாளியம்மா அதை ஒரு பெரிய விதைக் கம்பெனிக்குக் கொடுக்கப் பேசினார். கம்பெனிக்காரர்கள் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லா பாட்டிலையும் வரிசையாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். அடுத்த வாரமே ஒன்பதாம் பாட்டில் காணாமல் போனது.

சுகுமார் கை காட்டியது தேவியை. ஆய்வகத்தில் பாட்டில் கழுவுவது அவள் வேலை. ஊரெல்லாம் மிளகாய் நாற்று சுருண்டு கிடக்க, அவள் குடிசைப் பக்கத்துப் பாத்தியில் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. திருடிய கிருமியைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டாள் என்பது புகார். ஒரு பக்கம் டாக்டர் பட்டம் வாங்கியவர், இன்னொரு பக்கம் இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பாட்டில் கழுவுகிறவள். யார் சொல்வதை நம்புவது என்று யாரும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சொல்லவே கசக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

குடிசைக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். தேவியின் நாத்தனார் சின்னபொண்ணு. அழுது முடித்த முகம்.

"காத்தால ஏழு மணிக்கு வந்தாங்கம்மா. போலீசு ரெண்டு பேரு, கூட அந்த டாக்டரு. இதுல கெட்ட கிருமி கீது, புள்ளைங்களுக்கு வியாதி வந்துடும்னு சொல்லி கவுத்து வுட்டுட்டாங்க. ஃபினாயில் ஊத்தி ரெண்டு வாட்டி அலசினாங்க."

"டிரம்முல இன்னா இருந்துச்சி?"

"பாட்டில் கழுவுன தண்ணிதான். அண்ணி தெனமும் கேன்ல கொணாருவா. குப்பையில ஊத்தறதுதான, எடுத்துக்கினு போன்னு டாக்டரே சொன்னாராம். நாத்துக்கு ஊத்துவோம்."

"எதுல கழுவுவாங்க?"

"சோப்புத் தூள்லதான். மொத அலசுல வர்ற நொரத்தண்ணி நமக்கு."

ஷாரோன் டிரம்மை நிமிர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். அடி வரைக்கும் பளிச்சென்று இருந்தது. "தெனமும் நாத்துக்கு ஊத்தி டிரம்ம காலி பண்ணிடுவீங்களா?"

சின்னபொண்ணு அவளைக் கேட்கக்கூடாததைக் கேட்டவளைப் போலப் பார்த்தாள். "யாராச்சும் காலி பண்ணுவாங்களா? அரிசிப் பானையோ தண்ணித் தொட்டியோ, அடியில கொஞ்சம் வுட்டு வெக்கணும். வழிச்சித் தொடச்சா வூட்டுக்கு ஆவாது. அடியில ஒரு சொம்பு நிக்கும், அதும் மேல புதுசு ஊத்துவோம். அண்ணி வேலைக்குப் போன நாள்லேர்ந்து அப்படித்தான். மூணு வருசம் ஆவுது."

"மூணு வருஷத்துல ஒருநாள்கூட காலி ஆவலியா?"

"இல்லம்மா."

"இன்னிக்குத்தான் மொத தடவையா?"

சின்னபொண்ணு காலால் மண்ணைக் கிளறினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "போலீசுக்கு சொல்லிடாதீங்க. அவங்க அந்தாண்ட நின்னு பேசிக்கினு இருந்தப்ப நான் ஒரு சொம்பு மொண்டு உள்ள வெச்சிட்டேன். பழக்கம்மா. கை சும்மா இருக்கல. தப்புங்களா?"

சடையப்பன் வேனிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "தப்பா? அந்த சொம்பைக் காட்டும்மா. வுழுந்து கும்புட்டுக்கறேன்."

பத்து மணிக்கு வேனுக்குள் மூன்று டீ கிளாஸ்கள் தயாராக இருந்தன. காலையிலேயே கொதிக்கவைத்துத் துணியில் சுற்றி எடுத்துவந்தவை. ஆய்வகத்தில் கிருமிக்குக் கொடுக்கும் அதே சர்க்கரைக் கரைசலை பிளாஸ்கிலிருந்து மூன்றிலும் ஊற்றினாள் ஷாரோன். சின்னபொண்ணு கொடுத்த சோப்புத் தூளை வெந்நீரில் கரைத்து, தெளியவிட்டு, மூன்றிலும் ஒவ்வொரு ஸ்பூன் விட்டாள். அதன்பிறகு முதல் கிளாஸில் எட்டாம் நம்பர் கிருமி. அதை நேற்று முதலாளியம்மாவின் கடிதத்தைக் காட்டி வாங்கியிருந்தாள். ஒன்பது இல்லாமல் எட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று சுகுமார் சிரித்துக்கொண்டே கொடுத்தார். மூன்றாவதில் சொம்புத் தண்ணீர். இரண்டாவதில், தெர்மகோல் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து ஊற்றினாள்.

"அது இன்னா?" என்றார் சடையப்பன்.

"அப்புறம் சொல்றேன்."

"அதானே. என் கல்யாணத்துல கூட பொண்ணு யாருன்னு அப்புறம்தான் சொன்னாங்க."

இரண்டாவதையும் மூன்றாவதையும் முன்கண்ணாடி ஓரம் டேஷ்போர்டில் வைத்தாள். சித்திரை வெயில் நேராக அங்கே இறங்கியது. முதல் கிளாஸை மட்டும் ஈரத்துண்டில் சுற்றி சீட்டுக்கு அடியில், நிழலில் வைத்தாள்.

"எட்டாம் நம்பருக்கு மட்டும் ஏசி கோச்சு, மத்ததெல்லாம் அன்ரிசர்வ்டா?"

"அதுக்கு வெயில் ஒத்துக்காது. வெயில்ல செத்துதுன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது." ஷாரோன் கதவைச் சாத்தினாள். "வளந்தா தண்ணி கலங்கும், செத்தா தெளிவா நிக்கும். ரெண்டாவது கிளாஸ் கலங்கினா தேவி வூட்டுக்குப் போவா அண்ணா. கலங்கலன்னா ஜெயிலுக்கு."

வேன் வெயிலில் நிற்க, இருவரும் எதிரே புளியமர நிழலில் உட்கார்ந்தார்கள். காத்திருப்பதைவிடக் கொடுமையான வேலை துப்பறியும் தொழிலில் கிடையாது. சடையப்பனால் ஐந்து நிமிஷம்தான் சும்மா இருக்க முடிந்தது.

"ஒரு சந்தேகம் மேடம். கிருமிக்கு வெயில் தாங்க யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. அது கத்துக்கறதே இல்ல. ஒண்ணு ரெண்டாப் பிரியும்போது தன்னோட குறிப்பு மொத்தத்தையும் இன்னொரு படி எடுக்கும். எடுக்கும்போது எங்கயாச்சும் ஒரு எழுத்து தப்பும். முக்காவாசி தப்பால ஒண்ணும் ஆவாது. சிலது அதையே கொன்னுடும். கோடியில ஒரு தப்பு, அது இருக்கற எடத்துக்கு லாபமா அமைஞ்சிடும்."

"அதிர்ஷ்டம்."

"தப்பு வுழறது அதிர்ஷ்டம். மிச்சத்தை வெயில் பாத்துக்கும். அந்த டிரம் கறுப்பு, மத்தியானம் கை வெக்க முடியாது. தாங்காததெல்லாம் போச்சு. தாங்கினது அடித்தண்ணியில நின்னுது. மறுநாள் புதுசு ஊத்தினா, அதோட புள்ளைங்கதான் டிரம் முழுக்க. அதுல ஒண்ணுக்கு இன்னொரு எழுத்து தப்பும். இப்படியே ஒவ்வொரு படியா ஏறிக்கினு வரும். மூணு வருஷம்."

சடையப்பன் தலையைச் சொறிந்தார். "அப்ப டாக்டரு ஏசி ரூம்ல பண்ணிக்கினு இருந்ததை, இவங்க வூட்டுக்கு ஆவாதுன்னு பண்ணிக்கினு இருந்தாங்க."

"தெரியாமலேயே."

பன்னிரண்டு மணி. மூன்றும் தெளிவாக இருந்தன. ஒன்றே காலுக்கு மூன்றாவது கிளாஸில் அடிப்பக்கம் லேசாகப் புகை படிந்த மாதிரி தெரிந்தது. இரண்டு மணிக்கு அதன் வழியாக எதிர்ப்பக்கம் பார்க்க முடியவில்லை. ஷாரோன் இரண்டாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். சுத்தமான கிணற்றுத் தண்ணீர் கணக்காக இருந்தது.

"அது தூங்கி எழ நேரமாவும்," என்றாள். "மூணு மாசம் குளிர்ல இருந்தது." சொன்னது சடையப்பனுக்கா, தனக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டே முக்காலுக்கு போன் அடித்தது. எஸ்.ஐ. செந்தமிழன்.

"மேடம், ஆறு மணி வரைக்கும் என்னால முடியாது. மேலேர்ந்து போன் மேல போன். நாலு மணிக்கு வண்டி வருது. டாக்டர் இங்கதான் உட்கார்ந்திருக்கார்."

ஷாரோன் போனை மடியில் வைத்தாள். சடையப்பன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, சாவியை எடுத்தார். நாலு வருஷத்தில் அவர் ஜோக் அடிக்காமல் வேனைக் கிளப்பியது அதுதான் முதல் தடவை. அது ஷாரோனை ரொம்பவே பயமுறுத்தியது.

பள்ளம் விழுந்த ரோடு. கிளாஸ்கள் சிந்தாமல் இருக்க இருபதுக்கு மேல் போக முடியாது. இருபதில் போனால் நாலு மணிக்குப் போய்ச் சேர முடியாது. டேஷ்போர்டில் இருந்த இரண்டு கிளாஸையும் ஷாரோன் கைகளில் பிடித்துக்கொள்ள, சடையப்பன் வேகத்தை முப்பதுக்கு ஏற்றினார். பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி முந்தியது.

"என் பொண்ண பிரசவத்துக்கு இட்டுக்கினு போனப்பகூட நான் இப்படி ஓட்டல," என்றார் சடையப்பன் கடைசியாக. ஷாரோனுக்கு மூச்சு வந்தது.

புறக்காவல் நிலைய வாசலில் வண்டி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. மணி மூன்று ஐம்பது.

உள்ளே பெஞ்சின் நுனியில் தேவி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சோப்புத் தண்ணீரில் வெளுத்துப்போன விரல்களை மடியில் கோத்து வைத்திருந்தாள். காலையில் கொடுத்த பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது. ஷாரோனைப் பார்த்ததும் அவள் தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"டிரம்ம கொட்டிட்டாங்களா மேடம்?"

"அடியில கொஞ்சம் கீது," என்றாள் ஷாரோன்.

தேவி தலையசைத்தாள். எஸ்.ஐ.யின் மேஜைக்கு எதிரே நாற்காலியில் இருந்த டாக்டர் சுகுமார் திரும்பிப் பார்த்தார். நரைத்த குறுந்தாடி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.

"மேடம், நாலு மணி," என்றார் செந்தமிழன்.

"பத்து நிமிஷம் சார். டாக்டர்கிட்ட மூணே கேள்வி." ஷாரோன் துண்டால் மூடிய தட்டை மேஜையில் வைத்தாள். "டாக்டர், ஒன்பதாம் நம்பர் உங்க ஆய்வகத்துக்குள்ளேயே உருவானதுதானே?"

"சந்தேகம் என்ன? எட்டாம் நம்பரிலிருந்து ஆறே மாசத்துல வந்தது. ரெஜிஸ்டர்ல எல்லாம் இருக்கு."

"ஆய்வக பாட்டில்களை தேவிதான் கழுவறாங்க. சோப்பு கொஞ்சம் ஒட்டிக்கினு இருந்து, கிருமி கெட்டுப்போக வாய்ப்பு உண்டா?"

சுகுமார் அதைக் கேட்டுக் கொதித்துவிட்டார். "என் ஆய்வகத்திலயா? அவ கழுவின பிறகு கடைசி மூணு அலசல் நானே நின்னு பண்ண வைப்பேன், காய்ச்சி வடிச்ச தண்ணியில. ஒன்பதாம் நம்பர் தன் ஜென்மத்துல சோப்பைப் பார்த்ததில்லை. இதை எழுதியே தரேன்."

"எழுதிக்கங்க சார்," என்றாள் ஷாரோன். செந்தமிழன் எழுதிக்கொண்டார்.

"கடைசிக் கேள்வி. ஜனவரியில முதலாளியம்மாவுக்கு ஒன்பதாம் நம்பர்ல ஒரு குப்பி அனுப்பினீங்க. பூந்தொட்டியில ஊத்திப் பாக்கச் சொல்லி. அது என்ன ஆச்சு?"

சுகுமாரின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ ஓடியது. "அது... தொட்டியில ஊத்தித் தீர்ந்திருக்கும்."

"பாதிதான் ஊத்தினாங்களாம். மிச்சம் அவங்க வூட்டு ஃப்ரிட்ஜ்ல, இட்லி மாவு டப்பாவுக்குப் பின்னாடி இருந்தது. முந்தாநாள் நானே போய் வாங்கினேன்."

ஷாரோன் துண்டை எடுத்தாள். அந்த நொடி வரைக்கும் அவளும் இரண்டாவது கிளாஸைப் பார்க்கவில்லை. பெருநகர் ரோட்டிலேயே பார்ப்பதை நிறுத்திவிட்டாள், பயம்.

முதல் கிளாஸ் தெளிவாக இருந்தது. மூன்றாவது கலங்கி வெள்ளையாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது அளவுக்கு இல்லை, ஆனால் பின்னால் இருந்த காலண்டரின் தேதியைப் படிக்க விடாத அளவுக்குக் கலங்கியிருந்தது.

"மூணுலயும் சோப்பு இருக்கு," என்றாள் ஷாரோன். குரலை அடக்க அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. "முதல்ல இருக்கறது எட்டாம் நம்பர். வெயில் படாம நிழல்லயே வெச்சேன், இருந்தும் சோப்புல செத்துப்போச்சு. ஒன்பதாம் நம்பர் வளர்ந்த அதே பாட்டில்ல, அதே அலசல்லதான் இதுவும் வளர்ந்தது. மூணாவது, தேவி வூட்டு டிரம்முல இருந்தது. மூணு வருஷமா சோப்பு நுரையிலயே பொழைச்சது. நடுவுல இருக்கறதுதான் ஒன்பதாம் நம்பர்."

"சோப்பே போடாத வூட்டுப் புள்ளைக்கு சோப்புத் தண்ணி எப்படி சார் பழக்கமாச்சு?" என்றார் சடையப்பன் வாசலில் இருந்தபடி.

"ஒன்பது எட்டுக்குப் பொறந்ததில்ல சார். இந்த டிரம்முக்குப் பொறந்தது. விதைக் கம்பெனிக்காரங்க வரிசையாப் பாக்கணும்னு கேட்டதும் இவருக்கு பயம் வந்துடுச்சு. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல ஒரு படியும் கிடையாது. அதனால பாட்டில் காணாமப் போகணும், அதுக்கு ஒரு திருடி வேணும், டிரம்மும் அழியணும். ஒன்பதையும் டிரம் கிருமியையும் எழுத்து எழுத்தா ஒப்பிட சென்னைக்கு அனுப்பறேன். ஒரே தப்பு ஒரே வரிசையில இருக்கும்."

சுகுமார் எழுந்தார். குரலில் கோபம்தான் இருந்தது.

"குப்பைத் தண்ணி அது. அதுக்குள்ள என்ன இருக்குன்னு இவளுக்குத் தெரியுமா? எடுத்துப் பார்த்தது நான். சோதிச்சது நான். நான் இல்லேன்னா அது மிளகாய்ச் செடிக்குத்தான் போயிருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. செந்தமிழன் பேனாவை மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏட்டைக் கூப்பிட்டு, வாசலில் நின்ற வண்டியை இருக்கச் சொன்னார். டாக்டரை அடுத்த அறையில் உட்காரவைக்கச் சொன்னார்.

ஷாரோன் சுவரில் சாய்ந்துகொண்டாள். சடையப்பன் மூக்கை உறிஞ்சியபடி வெளியே பார்த்தார். கேட்டால் ஃபினாயில் நெடி என்பார்.

எஸ்.ஐ. தேவியிடம் திரும்பினார். சங்கடத்தில் அவர் குரல் கொஞ்சம் அதட்டலாகவே வந்தது.

"டாக்டர் வந்து டிரம்முலேர்ந்து எடுத்துக்கினு போனாருன்னு நீ மொதல்லயே சொல்லியிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காதே. ஏம்மா சொல்லல?"

தேவி விரல்களைப் பிரித்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சொன்னேன் சார். நேத்து ஒரு வாட்டி, இன்னிக்கு ஒரு வாட்டி. நீங்க எழுதிக்கல."

செந்தமிழன் மேஜையில் இருந்த வாக்குமூலத் தாளைப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். அதை எடுத்து இரண்டாக மடித்து ஓரமாக வைத்தார். புதுத்தாள் ஒன்றை இழுத்துக்கொண்டு, சுகுமார் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார்.

"இங்க வந்து உட்காரும்மா. மெதுவா சொல்லு."

தேவி பெஞ்சின் நுனியிலிருந்து எழுந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போன சித்திரையில சார்," என்று ஆரம்பித்தாள். "உச்சி வெயிலு. டாக்டரு ஒரு சின்ன பாட்டில எடுத்துக்கினு எங்க வூட்டாண்ட வந்தாரு..."

இந்தத் தடவை பேனா ஓடியது.